ஆள் மாறி வந்த மன்னிப்பு

கிள்ளான் துறைமுகத்துக்கு அப்பால் மேலைக் கடலின் விளிம்பில் பகலவன் சிவந்து சாய, அவன் விட்டுச்சென்ற மிச்ச ஒளியை வானளாவிய கண்ணாடி மாளிகைகள் தம் மேனியெங்கும் பூசிக்கொண்டு, அது தாமே ஈட்டிய பொன் என்பதுபோல் செருக்குற்று நிற்க, அவற்றின் காலடியில் சேற்று நிறம் கொண்ட ஆறு, தன்னை ஏறெடுத்துப் பார்க்க எவருமில்லை என்று அறிந்ததுபோல் தலைகுனிந்து ஓட, கோலாலம்பூர் மாநகரின் நடுவே பிரிக்பீல்ட்ஸ் என்னும் பழம்பகுதி தன் அந்தி விளக்குகளை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருந்தது. பூக்கடைகளில் மல்லிகைச் சரங்கள் முழம் முழமாக அறுபட்டன. முறுக்குச் சட்டிகளில் எண்ணெய் பொங்கி அடங்கிற்று. கோயில் மணியோசையும் பள்ளிவாசலின் தொழுகை அழைப்பும் ஒன்றையொன்று முந்தாமலும் ஒன்றுக்கொன்று வழிவிடாமலும் காற்றில் கலந்தன. தூண்கள் தாங்கிய ஒற்றைத் தண்டவாளத்தின்மேல் ஓர் ஊர்தி, கீழே வாழ்வோரின் தலைக்குமேல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போயிற்று. தொடர்வண்டித் தொழிலாளர் குடியிருந்த நெடிய வரிசை வீடுகளை இடித்துவிட்டு அவ்விடத்தில் எழுப்பிய அடுக்குமாடிகளைக் கண்டு அழகு அழகு என்று வியப்போர் பலர். இடிபட்ட வீட்டுக்காரன் எங்கே போனான் என்று கேட்போர் சிலர். கல்வியும் நற்குணமும் நிறைந்த வாசகரே, நீர் அந்தச் சிலருள் ஒருவராயின் மேலே படியும். இது அழகைப் பற்றிய கதையன்று.

அப்பகுதியின் குறுந்தெரு ஒன்றில், பன்னூறு மழை நனைத்துக் கறுத்த சுவரும், பறவைகள் எச்சமிட்டு வெளுத்த சிலுவையுமாகத் தமிழ்க் கிறித்தவர் கோயில் ஒன்று நின்றது. அதன் பக்கத்து மண்டபத்தின் கதவில் அவ்வாண்டு ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டிருந்தது. கிறித்தவ அறநெறியின் அடிப்படை வினாக்களைக் குறித்து ஐந்து சனிக்கிழமை மாலைகளில் வகுப்பு நடைபெறும் என்றும், அகவை வேறுபாடின்றி அனைவரும் வரலாம் என்றும், தேநீர் உண்டு என்றும் அது கூறிற்று. அதன்கீழே வினாக்கள் அச்சிடப்பட்டிருந்தன. நன்மையானது இறைவன் கட்டளையிட்டதால் நன்மை ஆயிற்றா, நன்மையாய் இருந்தமையால் கட்டளை ஆயிற்றா? ஒரு செயலை நிறுக்கும் கல் அதன் விளைவா, செய்தவன் உள்ளமா? பிறரைக் காக்கச் சொன்ன பொய் பொய்தானா? தீமையை மறைக்க இட்ட ஆணை ஒருவனைக் கட்டுமா? தன் குற்றத்தை ஒப்பாதவனை மன்னித்தல் தகுமா?

இவ்வளவு பெரிய வினாக்களுக்கு விடைசொல்ல முன்வந்தவர் திருச்செல்வம். நாற்பத்திரண்டு அகவையினர், அயல்நாட்டில் பயின்று மீண்டவர், கல்லூரி ஒன்றில் விரிவுரையாளர், திருச்சபையின் மூப்பர். மண்டபத்து வாயிலில் நுழையும்போதெல்லாம் தலையைத் தாழ்த்தியே வரவேண்டிய அளவுக்கு நெடிது வளர்ந்த மேனியர். அப்படி அவர் தலைதாழ்த்தி வருவதைப் பணிவு என்று மகளிர் கூட்டத்தார் புகழ்வர். வாயில் தாழ்வாக இருந்தது என்பதே உண்மை.

வகுப்புக்கு வந்தோர் இருபத்தைந்து பேர் இருப்பர். அவர்களுள் கடைசி வரிசையில், சுவரோடு சாய்ந்து, மார்பின் குறுக்கே கைகளைக் கட்டிக்கொண்டு, விற்க வந்தவனை வாசலிலேயே நிறுத்திப் பார்ப்பவனைப்போல் ஆசிரியரைப் பார்த்திருந்த முதியவர் பெயர் கன்னையா. எழுபத்தொன்று கடந்தவர், ஐந்தடிக்கும் சற்றுக் குறைந்த குள்ளர், தோட்டத்துப் பள்ளியில் மூன்று வகுப்பு படித்தவர், மனைவியின் பொருட்டு முப்பதாம் அகவையில் திருமுழுக்குப் பெற்றவர். அன்று ஆயர் புதுப்பெயர் சூட்ட முனைந்தபோது, பழைய பெயரில் செய்த பிழைகளை யார் பொறுப்பார் என்று கேட்டு, கன்னையாவாகவே தண்ணீருக்குள் இறங்கிக் கன்னையாவாகவே ஏறியவர். மருத்துவர் தரும் மாத்திரையை மருந்துக்கடையில் காட்டி இது அதுதானா என்று உறுதிசெய்துகொள்ளாமல் விழுங்காதவர். இத்தகையவர் கம்போங் மேடானின் மலிவு அடுக்ககத்திலிருந்து இரண்டு பேருந்து மாறி அறநெறி படிக்க வந்தது தேநீருக்காக என்று சிலர் நகைத்தனர். அவர் வந்தது அறிவிப்பிலிருந்த வினாக்களுக்காக. அவ்வினாக்களில் மூன்று தம் வீட்டு முகவரிக்கு எழுதப்பட்டவைபோல் அவருக்குத் தோன்றின.

அதன் காரணத்தை உரைக்கப் பத்தொன்பது ஆண்டுகள் பின்னே போகவேண்டும். அந்நாளில் கன்னையா இத்திருச்சபையின் ஊர்தி ஓட்டுநர். குள்ளராகையால் இருக்கையை முன்னே இழுக்க முடிந்த மட்டும் இழுத்து, முதுகுக்குப் பின்னே தலையணை ஒன்றை வைத்து, சுழற்றியை மார்போடு அணைத்தபடி ஓட்டுவார். கன்னையா அண்ணன் ஸ்டேரிங்கைக் கட்டிக்கொண்டு குடும்பம் நடத்துகிறார் என்று பாடற்குழுத் தலைவர் பாலன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அந்தப் பாலனும், அன்று இருபத்துமூன்று அகவை இளைஞராயிருந்த திருச்செல்வமும், கன்னையாவும் ஒரு நாள் டெங்கில் பக்கத்து எண்ணெய்ச் செம்பனைத் தோட்டமொன்றில் வீட்டுச் செபம் முடித்து, மற்றவர் போனபின், நாற்காலிகளையும் பாட்டுப் புத்தகங்களையும் ஏற்றிக்கொண்டு பிற்பகலில் திரும்பினர். உரிமம் பெறாத திருச்செல்வம் சிறிது தொலைவு தான் ஓட்டிப் பார்ப்பதாகக் கேட்டார். நேரான வழிதானே, ஓட்டட்டும் என்றார் பாலன். கன்னையா நாற்காலிகளைப் பிடித்துக்கொண்டு பின்னே அமர்ந்தார். மழை பிடித்தது. செம்பனைக் குலைகளை ஏற்றி வழியோரம் நின்ற லோரி ஒன்று, மழைத்திரைக்குள்ளிருந்து திடீரென்று எழுந்த சுவர்போல் எதிர்ப்பட்டது. ஊர்தியின் இடப்பக்கம் மட்டும் நசுங்கியது. இடப்பக்கம் அமர்ந்திருந்தவர் பாலன்.

மருத்துவமனையின் நடைவழியில், காவலர் வந்து வாக்குமூலம் வாங்குவதற்கு முன்னே, திருச்செல்வத்தின் தாய் அமுதவள்ளி வந்து சேர்ந்தார். அவர் மகளிர் கூட்டத் தலைவி. கன்னையாவின் மனைவி நோயில் கிடந்த கடைசி மூன்று மாதமும் நாள்தோறும் கஞ்சி காய்ச்சி வந்து, முகம் சுளிக்காமல் மலத்துணி மாற்றியவர். அந்த அம்மையார் ஈரத்தரையில் விழுந்து கன்னையாவின் காலைப் பற்றினார். மகன் அயல்நாடு செல்ல இன்னும் பதினொரு நாளே உண்டு என்றும், உரிமமில்லாமல் ஓட்டிய வழக்கு வந்தால் அவன் வாழ்வு அதோடு தீர்ந்தது என்றும் அழுதார். உமக்கோ பிள்ளைகுட்டி இல்லை என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாததும் கன்னையாவுக்குக் கேட்டது. கைப்பையிலிருந்து திருமறையை எடுத்து நீட்டினார் அமுதவள்ளி. இறக்கும் வரை உண்மையை உரையேன் என்று அதன்மேல் கைவைத்து ஆணையிட்டார் கன்னையா. கஞ்சி ஊற்றிய கைக்கு அவர் வேறெதைக் கொடுக்க முடியும்?

ஊர்தியை ஓட்டியது நான்தான் என்று காவலரிடம் ஒரே ஒரு சொற்றொடர் சொன்னார், உடனே நம்பினர். முறைமன்றத்தில் அதையே சொன்னார், அங்கும் நம்பினர். இரண்டாண்டுச் சிறை. வெளிவந்தபின் ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு தொழிற்சாலை வாயிலில் காவற்பணி. அமுதவள்ளி இறந்துபோனார், அவர் படம் மண்டபச் சுவரில் மாலையோடு ஏறிற்று. திருச்செல்வம் பட்டத்தோடு திரும்பி, கன்னையாவைக் காணும்போதெல்லாம் இரு கைகூப்பி நலம் கேட்டார். அந்த நிகழ்ச்சியைப் பற்றி ஒரு சொல்லும் அவர் பேசியதில்லை.

இத்திருச்சபைக்கு ஒரு பழைய வழக்கம் உண்டு. மாதந்தோறும் முதல் ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து. அதற்கு முந்திய நாள் மாலை ஆயத்த வழிபாடு. திருவிருந்தில் பங்குபெற விழைவோர் அம்மாலையில் முன்வந்து பெயர் கூறவேண்டும். ஏட்டைத் திறந்து வைத்திருப்பவர், 'யாரிடமேனும் மனத்தாங்கல் உண்டோ?' என்று வினவுவார். இல்லை என்போரின் பெயர் எழுதப்படும். உண்டு என்போர் போய் அந்த ஆளோடு ஒப்புரவாகி வரவேண்டும். அதுவரை பந்தியில் இடமில்லை. முன்னோர் இதை நடுக்கத்தோடு கைக்கொண்டனர் என்பர். இக்காலத்திலோ பள்ளிப் பிள்ளைகள் பெயர் கூப்பிடும்போது உள்ளேன் என்பதுபோல், இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டே கைப்பேசியைப் பார்த்தபடி நகர்வோரே மிகுதி. அண்டை வீட்டாரோடு ஆறாண்டு வழக்காடுபவரும் இல்லை என்பார். உடன்பிறந்தவனின் நிலத்தை உண்டவரும் இல்லை என்பார்.

பத்தொன்பது ஆண்டுகளாக இருவர் மட்டும் முன்வந்ததில்லை. ஒருவர் கன்னையா: பொய்ச்சான்று கூறிய வாய்க்கு அந்த அப்பம் ஒவ்வாது என்று தாமே தமக்குத் தீர்ப்பெழுதிக்கொண்டவர். மற்றவர் பாலனின் மனைவி குமுதா: உண்டோ என்று கேட்டால் உண்டு என்று உண்மை சொல்லவேண்டியிருக்குமே என்று விலகி இருந்தவர். கோயிலின் கடைசி விசிப்பலகையில், ஒரு முனையில் அவரும் மறுமுனையில் இவருமாக, நடுவே ஐந்து பேர் உட்காரும் வெற்றிடத்தோடு அவர்கள் அமர்ந்திருப்பார்கள். மற்றவரெல்லாம் எழுந்து பலிபீடத்துக்குப் போக, ஒரு பொய்யைப் பெரிதென்று எண்ணியவரும் ஒரு பகையை ஒளிக்க மாட்டாதவருமே பசியோடு எஞ்சியிருப்பர். கிண்ணத்தை ஏந்தி வரிசை நெடுகப் பரிமாறுகிறவர் திருச்செல்வம்.

இப்போது வகுப்புக்குத் திரும்புவோம். மூன்றாம் வாரம், பிறரைக் காக்கச் சொல்லும் பொய்யைப் பற்றித் திருச்செல்வம் ஆற்றொழுக்காகப் பேசினார். பொய் எந்நிலையிலும் தகாது என்போர் கருத்தையும், அன்பே அளவுகோல் என்போர் கருத்தையும், இரண்டு குழந்தைகளை இரு தொடையிலும் வைத்துக் கொஞ்சுபவர்போல் மாறி மாறிக் காட்டினார். முடிவில் வினா உண்டா என்றார். கன்னையா கையைத் தூக்கவில்லை. இருந்த இடத்திலிருந்தே பேசினார்.

"தம்பி, எனக்குப் படிப்பு கம்மி லா. ஒருத்தன் செஞ்ச தப்ப இன்னொருத்தன் நான்தான் செஞ்சேன்னு சொல்லி உள்ள போயிட்டு வந்துட்டான். அதோட செஞ்சவன் பழி தீந்துருமா?"

திருச்செல்வம் ஒரு கணம் தாள்களை அடுக்கினார். பின்பு புன்னகைத்தார். "ஐயா மிக ஆழமான வினாவை எழுப்பியிருக்கிறார். ஒருவர் பழியை மற்றொருவர் சுமப்பது நம் நம்பிக்கையின் அடித்தளமே அல்லவா?"

"அது சரி. அவரு சுமந்தாரு, மூணாம் நாளு எந்திரிச்சும் வந்துட்டாரு. நான் கேக்குறது சுமக்க விட்டவனப் பத்தி. அவன் அதுக்கப்புறம் என்னா செய்யணும்?"

வகுப்பினர் சிரித்தனர். "நன்றியோடு வாழவேண்டும்," என்றார் திருச்செல்வம்.

"யாருக்கு?"

அதை ஐந்தாம் வாரத்தில் விரிவாகப் பார்க்கலாம் என்று ஆசிரியர் கூற, தேநீர் வந்தது. பெரிசு நல்லா மடக்குறாரு என்று யாரோ முதுகில் தட்டினார். கன்னையா தேநீரைத் தொடவில்லை. தம்பியின் முகத்தில் ஒரு கீறலாவது விழுந்ததா என்று பார்த்தார். நன்றாகத் தேய்த்த பித்தளைபோல் அது பளபளத்தது.

நான்காம் வாரம் ஆணையைப் பற்றியது. திருச்செல்வம் தம் குறிப்பைப் பார்த்து வாசித்தார்: "தீமையை மறைப்பதற்காக வாங்கப்பட்ட ஆணை இறைவன் முன்னிலையில் ஆணையே ஆகாது. அதை இட்டவர் அதனின்று விடுபட்டவர்." வாசித்து முடித்ததும் தலையை நிமிர்த்தி, கடைசி வரிசையை நேராகப் பார்த்தார். இரண்டு மூச்சு நேரம் பார்த்தார்.

கன்னையாவின் நெஞ்சுக்குள் நெடுநாள் பூட்டிக் கிடந்த அறையொன்றில் யாரோ சாவியைத் திருப்பியதுபோல் இருந்தது. தாய் கட்டிய கட்டை மகன் அவிழ்த்துவிட்டான் என்று எண்ணினார். நேரில் சொல்ல நாணி, இத்தனை பேர் நடுவே, புத்தகத்தின் பேரால் எனக்குச் செய்தி விடுக்கிறான். அடுத்த சனிக்கிழமை எல்லார் முன்பும் அவனே சொல்லப்போகிறான். அப்போது நான் அருகில் நிற்கவேண்டும் என்று விழைகிறான் என்று நம்பினார். எழுபத்தொரு ஆண்டில் எவரையும் எளிதில் நம்பாத கிழவர் அந்த ஒரே முறை நம்பினார். அவர் தலைக்கு நேர்மேலே சுவரில் மண்டபத்துக் கடிகாரம் மாட்டியிருந்தது என்பதையும், வகுப்பு முடிய எவ்வளவு நேரம் இருக்கிறது என்று ஆசிரியர் அடிக்கடி அதைப் பார்ப்பார் என்பதையும் அவருக்கு யாரும் சொல்லவில்லை.

அவ்வாரம் முழுதும், மகன் திருமணத்துக்கு நாள் குறித்த தகப்பனைப்போல் அவர் பரபரத்தார். வெள்ளைச் சட்டையைத் துவைத்து, கஞ்சியிட்டு, மடிப்புக் கலையாமல் மாட்டினார். பத்தொன்பது ஆண்டுக்குப்பின் தம் பெயரும் அந்த ஏட்டில் ஏறும் என்று எண்ணுகையில் அவருக்கே சிரிப்பு வந்தது.

ஐந்தாம் சனிக்கிழமையன்று ஆயத்த வழிபாடும் சேர்ந்து வந்தமையால், மன்னிப்பைப் பற்றிய கடைசிப் பாடத்தைக் கோயிலுக்குள்ளேயே நடத்தினர். ஆயர் கிள்ளான் கிளைச்சபையில் வழிபாடு நடத்தப் போயிருந்தார். ஏடு திருச்செல்வத்தின் முன்னே விரிந்திருந்தது. மன்னிப்பு என்பது பெறுபவனின் தகுதியைப் பாராது தருபவன் உள்ளத்தைக் கழுவும் நீர் என்று அவர் உரைத்தபோது பல கண்கள் பனித்தன. கன்னையா தம் இடத்தில் சட்டை மடிப்பைத் தடவியபடி, இதோ இப்போது சொல்வான், இதோ இப்போது சொல்வான் என்று காத்திருந்தார். திருச்செல்வம் பாடத்தை முடித்து, பெயர் கூறுவோர் வரலாம் என்றார்.

முதலில் எழுந்தவர் குமுதா. சிறுநீரகம் செயலிழந்து, வாரத்துக்கு மூன்று நாள் ஊசி குத்திக் குத்திப் புடைத்த கையைச் சேலைத் தலைப்பால் மூடியபடி, அவர் மெல்ல முன்னே நடந்தார். பெயரெழுதுமுன் ஒரு வேலை இருக்கிறது என்று திருச்செல்வத்திடம் கூறிவிட்டுத் திரும்பி, அந்த நீண்ட நடையெல்லாம் மீண்டும் நடந்து, கடைசி விசிப்பலகையின் மறுமுனைக்கு வந்து நின்றார்.

"கன்னையா அண்ணே, என் புருஷனக் கொன்ன கையி இதுன்னு பத்தொம்பது வருஷமா உங்க கையத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். டாக்டரு நாள் சொல்லல, ஆனா எனக்குத் தெரியுது. இத நெஞ்சுல வச்சிக்கிட்டு என்னால போக முடியாது. மன்னிச்சிட்டேன். கையக் குடுங்க."

கோயில் முழுதும் எழுந்து நின்றது. ஒருவர் விம்மினார், இன்னொருவர் இதைப் படமெடுக்கக் கைப்பேசியை உயர்த்தினார். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. கன்னையா அதைப் பார்க்கவில்லை. அத்தனை தலைகளுக்கும் மேலாகத் தெரிந்த நெடிய உருவத்தைப் பார்த்தார். கட்டை அவிழ்த்தவன் நீதானே, இப்போதாவது வாயைத் திற என்று கண்ணால் கேட்டார்.

திருச்செல்வம் வாயைத் திறந்தார். "தயங்காதீர்கள் ஐயா. மன்னிப்பை ஏற்றுக்கொள்ளவும் பணிவு வேண்டும்."

அக்கணத்தில் கன்னையாவுக்கு எல்லாம் விளங்கிற்று. அந்தக் கையைப் பற்றினால் கதை முடிந்தது: குமுதா நிறைவோடு பந்தியில் அமர்வார், ஊர் கைதட்டும், ஆணையும் முறியாது. ஆனால் அது களவு. சிறையைப் பிறனுக்காக வாங்கலாம், வசையைப் பிறனுக்காக வாங்கலாம். ஒரு பெண் பத்தொன்பது ஆண்டு தன்னைத் தானே அரைத்துப் பிழிந்தெடுத்த ஒரு சொட்டைப் பிறன் பெயரில் கைநீட்டி வாங்க அவரால் இயலவில்லை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னே கட்டிக்கொண்டார்.

"குமுதா, இது எனக்கு வரவேண்டியது இல்லம்மா. அன்னிக்கு வண்டிய ஓட்டுனது நான் இல்ல. நான் பின்னால நாற்காலிங்களப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன். ஓட்டுனவரு அந்தா, ஏட்டத் தொறந்து வச்சிக்கிட்டு நிக்கிறாரே, அவருதான்."

எல்லாத் தலைகளும் திருச்செல்வத்தின் பக்கம் திரும்பின. பிறகு முணுமுணுப்பு எழுந்து, வண்டுக்கூட்டம்போல் பெருகிற்று. கிழவனுக்கு மண்டை கலங்கிவிட்டது என்றார் ஒருவர். உள்ளே போய்வந்தவன் பேச்சு எப்படி இருக்கும் என்றார் இன்னொருவர். அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டனர். ஆணையைப் பற்றியும் அமுதவள்ளியைப் பற்றியும் அவர் சொல்லத் தொடங்கியதுமே மகளிர் கூட்டத்தார் வெகுண்டனர். செத்தவர்மேல் பழிபோடுகிறான், அந்தத் தெய்வத்தாய்மேல் பழிபோடுகிறான் என்றனர். சான்று உண்டா என்று கேட்டபோது, இல்லை என்று உள்ளதைச் சொன்னார். அன்று பொய்யை ஒரே சொற்றொடரில் சொன்னபோது காவலரும் நடுவரும் ஊரும் வரிசையாக நம்பினர். இன்று மெய்யை எத்தனை சொற்றொடரில் சொல்லியும் நம்ப ஓர் ஆள் இல்லை.

திருச்செல்வத்தின் முகம் அரை மூச்சு நேரம் சுண்ணாம்பாய் வெளுத்தது. பிறகு பழைய பளபளப்பு மீண்டது. அவர் கையுயர்த்தி அமைதியூட்டினார். "யாரும் ஐயாவைக் கடிந்துகொள்ள வேண்டா. நெடுநாள் சுமந்த குற்ற உணர்வு மனிதனை இப்படியெல்லாம் பேசவைக்கும். என் பெயரையும் என் தாயார் பெயரையும் இழுத்ததற்காக, நான் அவரை மனமார மன்னிக்கிறேன்."

என்ன பெருந்தன்மை என்று கோயில் உருகிற்று. நான் ஓட்டவில்லை என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கன்னையா மட்டும் கவனித்தார். பொய்யைப் பற்றி மூன்றாம் வாரம் கற்பித்தவர் பொய் சொல்வாரா? குற்றம் செய்தவன் குற்றமற்றவனை ஊரறிய மன்னித்து, அந்த மன்னிப்புக்குப் புகழும் பெற்ற காட்சியை அந்தக் கோயிலின் சுவர்கள் அதற்குமுன் கண்டிருக்குமோ, அறியேன்.

குமுதாவின் கை மெல்லத் தாழ்ந்தது. திருச்செல்வம் அவரைத் தாங்கி அழைத்துப்போய், வழக்கமான வினாவைக் கேளாமலே, ஏட்டில் அவர் பெயரை எழுதினார்.

மறுநாள் விடிந்தது. கன்னையா கோயிலுக்கு வந்தார். வராதிருந்தால் பொய்யன் ஓடி ஒளிந்தான் என்பார்கள். வந்ததால் நாணமற்றவன் என்றார்கள். அவரைச் சுற்றி மூன்று வரிசை வெறுமையாகக் கிடந்தது. கிள்ளானிலிருந்து திரும்பியிருந்த ஆயர், முதியவர் மனம் பேதலித்திருக்கிறது என்று கேள்வியுற்று, அவருக்காக ஒரு மன்றாட்டும் ஏறெடுத்தார். பின்னர் திருவிருந்துக்கு அழைப்பு வந்தது. குமுதாவும் எழுந்து போனார். போகட்டும், அவளாவது உண்ணட்டும் என்று எண்ணிக் கன்னையா கண்ணை மூடிக்கொள்ள முயன்றார்; மூடவில்லை.

பலிபீடத்தின் முன்னே மண்டியிட்ட வரிசையில் குமுதா ஆறாவது. ஆயர் தந்த அப்பத்தை அவர் உண்ணாமல் உள்ளங்கையிலேயே வைத்திருந்தார். கிண்ணம் வந்தது. குனிந்து நீட்டியவரைக் குமுதா ஏறிட்டுப் பார்த்தார். முழங்கால் தொடங்கி இடுப்பு, தோள், தலை என, ஒரு மரத்தின் உயரத்தை அளப்பவரைப்போல் மெதுவாகப் பார்த்தார். பார்த்து முடித்து, கிண்ணத்தின் வாயைத் தம் உள்ளங்கையால் மூடினார்.

"வேணாம்," என்றார். அப்பத்தைப் பீடத்து விளிம்பில் வைத்துவிட்டு எழுந்தார். எல்லாரும் பாடிக்கொண்டிருக்க, நடைவழி நெடுக நடந்து வந்து, கடைசி விசிப்பலகையில் தம் முனைக்குப் போகாமல், கன்னையாவின் பக்கத்தில் அமர்ந்தார். மூச்சு வாங்கிற்று. பாட்டின் ஒலிக்குக் கீழே அவர் பேசியது கன்னையாவுக்கு மட்டுமே கேட்டது.

"எம் புருஷன் செத்த மூணாம் நாளு, போலீஸ் ஸ்டேஷன்ல நிறுத்தி வச்சிருந்த வண்டியில அவரு மூக்குக்கண்ணாடிய எடுக்கப் போனேன். ஓட்டுற சீட்டுக்கு அடியில கெடந்துச்சு. கையவிட்டு எடுக்க லேசா இருந்துச்சு, ஏன்னா சீட்டு கடைசி மட்டும் பின்னால தள்ளியிருந்துச்சு. உங்க தலகாணி பின்னால நாற்காலிங்களோட கெடந்துச்சு. நேத்துதான் அது ஞாபகத்துக்கு வந்துச்சு."

"அப்பவே ஏம்மா யோசிக்கல?" என்றார் கன்னையா.

"யோசிக்க நீங்க எங்க விட்டீங்க? நீங்கதான் ஒத்துக்கிட்டீங்களே."

அந்தச் சொல் கன்னையாவின் நெஞ்சில் போய் ஆணிபோல் இறங்கிற்று. தாம் ஒருவனைக் காத்ததாகவும், அதற்குரிய விலையைத் தாமே முழுதும் கொடுத்துவிட்டதாகவுமே அவர் இந்நாள்வரை எண்ணியிருந்தார். பாதியைக் கொடுத்தவள் இந்தப் பெண். யாரை வெறுக்கவேண்டும் என்பதைக்கூட அவளுக்குப் பொய்யாகச் சொல்லிவைத்தவர் அவரே.

"நான் செஞ்சது தப்புதான்ம்மா."

"ஆமா, தப்புதான்," என்றார் குமுதா. ஆறுதலாக ஒன்றும் சேர்க்கவில்லை.

முன்னே திருச்செல்வம் கிண்ணத்தின் விளிம்பை வெள்ளைத்துணியால் துடைத்துக்கொண்டு ஏழாவது ஆளிடம் போனார். கன்னையா அந்தப் பக்கமாகத் தலையசைத்து, "அவர மன்னிச்சிருவியா?" என்று கேட்டார்.

குமுதா புடைத்த கையைத் தடவிக்கொண்டார். "உங்கள மன்னிக்கவே பத்தொம்பது வருஷம் ஆச்சுண்ணே. இன்னொரு பத்தொம்பது வருஷத்துக்கு நான் எங்க போவேன்?"

பாட்டு முடிந்தது. மனத்தாங்கல் ஏதுமில்லை என்று ஏட்டில் எழுதப்பெற்றோர் யாவரும் உண்டு நிறைந்து, முகம் மலர்ந்து, தத்தம் இடத்துக்குத் திரும்பினர். உண்ணாத இருவரும் கடைசி விசிப்பலகையில், இடையே வெற்றிடமின்றி, அடுத்தடுத்து அமர்ந்திருந்தனர். வெளியே, மேம்பாலத்துத் தண்டவாளத்தில் ஊர்தி ஒன்று வழக்கம்போல் அவர்கள் தலைக்குமேலே கடந்துபோயிற்று. அறநெறி வகுப்பு பெருவரவேற்புப் பெற்றமையால் அடுத்த ஆண்டும் நடைபெறும் என்று அறிவித்தனர். அதே வினாக்கள், அதே ஆசிரியர். கற்றறிந்தோரே, அவ்வினாக்களுக்கு விடை தெரிந்தோர் அந்தக் கோயிலில் அன்று பலர் இருந்தனர். விடைக்கு விலைகொடுத்தோர் இருவரே. அவர்களை அந்தப் பந்தி பசியோடு அனுப்பிற்று.